பொரியும் கடலையும்: ஆபரேஷனுக்குப் பிறகு முயல்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன

எங்கள் வீட்டு முயல்களுக்குப் பெயர் பொரி, கடலை. பொரி வெள்ளை, கடலை பழுப்பு. மன்னார்குடிக்கு வாங்கி வந்தபோது இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டுமே பெட்டை என்று விற்றவர் சொன்னார். நாங்களும் நம்பி ஒரே கூண்டில் விட்டோம். நாலு மாதம் ஆனபோது கடலை பொரியைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் ஏதோ முனக ஆரம்பித்தது. "பாட்டுக் கத்துக்குது பாரு" என்றார் அத்தை. ஒரு மாதம் கழித்து, கூண்டின் மூலையில் பிய்த்துப் போட்ட முடிக் குவியலுக்குள் ஐந்து குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம்தான் இரண்டையும் பிரித்தோம். அதற்குள் காரியம் கெட்டிருந்தது. பெட்டை முயல் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. முயலின் சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். அந்தக் கணக்குப்படி அடுத்த மாதம் இன்னும் ஆறு. பதினொரு குட்டிகளுக்கும் வீடு தேடி முடிப்பதற்குள், எங்களைக் கண்டாலே தெருக்காரர்கள் சந்துக்குள் ஒதுங்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன். தையல் ஆறியதும், இனி என்ன கவலை என்று பத்தாம் நாள் இரண்டையும் பழைய கூண்டில் விட்டேன். பத்து விநாடிகூட இருக்காது. வெள்ளையும் பழுப்புமாக ஒரு பம்பரம் சுழன்றது, முடி பறந்தது. பிரித்தெடுத்தபோது கடலையின் காதில் ஒரு கிழிசல், என் கட்டைவிரலில் ஒரு பல் தடம். நாலு மாதம் ஒன்றாகப் படுத்து எழுந்தவை, பதினொரு குட்டிக்குத் தாய் தகப்பன், ஒன்றை ஒன்று கொல்லப் பார்த்தன.

ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. ஆபரேஷன் சண்டைக்கான ஒரு காரணத்தை எடுத்துவிடும், அதுவும் மெதுவாக. நட்பு என்பது அதற்கு அப்புறம் தனியாக நடக்க வேண்டிய வேலை. பண்ணைக்காரர்கள் 'ஜோடி சேர்க்கிறது' என்றால் குட்டிக்காக விடுவது. செல்லமாக வளர்ப்பவர்கள் 'பாண்டிங்' என்று சொல்வது வேறு. இரண்டு முயல்கள் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொண்டு, ஒரே இடத்தில் தின்று உறங்கி வாழப் பழகுவது அது. இங்கே அதை ஒட்டுதல் என்றே சொல்கிறேன்.

ஒரே சொல், இரண்டு பிராணி

தமிழில் முயல் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பிராணிகளை அடைத்துவிட்டோம். அறுவடை முடிந்த வயலில் கண்ணுக்குப் பட்டு மறைகிறதே, அந்தக் காட்டு முயல் ஒரு ஜாதி. அது வளை தோண்டாது, பெரும்பாலும் தனியாகத் திரியும், அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். சட்டப்படி அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. கூண்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த இனம். குட்டி முடியில்லாமல், கண் மூடியபடி, சிவப்பாகப் பிறக்கும்.

கூட்டமாக வாழ்ந்த பிராணி என்பதால் தனியாக வைத்தால் ஏங்கும். அதனால்தான் இன்னொரு முயல் துணைக்கு வேண்டும் என்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டம் பஜனை மடம் இல்லை. யார் பெரியவர், எந்த மூலை யாருடையது, எந்த வளையில் எந்தப் பெட்டை குட்டி போடும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆணுக்குத் தன் இடத்தைச் சுற்றி வேலி போட வேண்டும். பெட்டைக்குத் தன் வளையைக் காக்க வேண்டும். நம் ஊரில் வரப்புத் தகராறு போலத்தான். முகத்தைப் பார்த்தால் சாது, வரப்பில் கால் வைத்தால் தெரியும்.

காட்டில் தோற்றவன் ஓடிப் போய்விடலாம். நாலடிக் கூண்டில் ஓட இடமில்லை. இது முக்கியமான விஷயம், பின்னால் மறுபடி வரும்.

ஹார்மோன் என்ன செய்கிறது

ஆண் முயலுக்கு மூன்றரை, நாலு மாதத்தில் பருவம் வரும். அப்போது முன்பின் தெரியாத ஆளாக மாறிவிடும். சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும். தாடைக்கு அடியில் இருக்கும் வாசனைச் சுரப்பியைக் கதவு, கால், துடைப்பம் என்று கண்ட இடத்தில் தேய்க்கும். நம் காலையே சுற்றிச் சுற்றி வந்து முனகும். அத்தை பாட்டு என்று நினைத்தது இதைத்தான். எது மேலாவது ஏறப் பார்க்கும்.

பெட்டைக்கு ஒன்றிரண்டு மாதம் தள்ளி வரலாம். அதன் கோபம் வேறு மாதிரி. கூண்டுக்குள் கை விட்டால் உறுமி முன்காலால் அறையும். வெறிபிடித்த மாதிரி தோண்டும். ஆணே இல்லாமல்கூடச் சில சமயம் பொய்ச்சினை பிடிக்கும். வைக்கோலை வாயில் அள்ளிக்கொண்டு ஓடும், தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மெத்தை போடும், இரண்டரை வாரத்தில் ஒன்றும் நடக்காமல் எல்லாம் அடங்கிவிடும்.

விதையையோ கருப்பை, சினைப்பையையோ எடுத்துவிட்டால் இந்த உந்துதலின் ஊற்று நின்றுபோகும். டெல்டாக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பொலிகாளையை யாரும் ஏரில் பூட்டுவதில்லை, காயடித்த மாட்டைத்தான் பூட்டுவார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முதலில் "வாயில்லா ஜீவன், பாவம்டா" என்றார். மாட்டை நினைவுபடுத்தியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

பெட்டைக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. முயலுக்கு இரண்டு கருப்பைகள், இரண்டுக்கும் தனித்தனி வாய். ஆபரேஷன் செய்யாத பெட்டைகளுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். சில இனங்களில் நாலைந்து வயதைத் தாண்டிய பெட்டைகளில் பாதிக்கு மேல் இது கண்டறியப்பட்டிருக்கிறது. நன்றாக வளர்த்தால் முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், பொரிக்கு ஆபரேஷன் குட்டித் தொல்லைக்காக மட்டும் செய்ததில்லை.

இப்போது என் பத்தாம் நாள் தவறுக்கு வருகிறேன்.

மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள், ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். மூடிய அன்றே எங்கள் பக்கத்துக் கடைமடை வாய்க்கால் வற்றிவிடுமா? ஆற்றில் இருப்பது, கிளை வாய்க்காலில் தேங்கியது எல்லாம் வடியச் சில நாள் பிடிக்கும். ஹார்மோனும் அப்படித்தான். ஷட்டர் போட்டாயிற்று, உடம்பில் ஓடிக்கொண்டிருப்பது உடனே வடியாது. பழைய குணம் தணிய நாலு முதல் எட்டு வாரம் ஆகும். சிலதுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆண் முயலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த விந்து குழாயில் தங்கியிருப்பதால், ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வாரம் வரை அது பெட்டையைச் சினையாக்கவும் முடியும். "ஆபரேஷன் பண்ணியும் குட்டி போட்டுடுச்சு" என்று அங்கலாய்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்தாறு வாரத்தில் மாட்டியவர்கள்தான்.

பத்தாம் நாளில் பொரி, கடலை இரண்டின் உடம்பிலும் பழைய தண்ணீர் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. அது போக, இரண்டு மாதமாகக் கூண்டு பொரியின் வீடாக மட்டும் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நாற்றத்தோடு ஒரு ஆணைக் கொண்டுபோய் அதற்குள் தள்ளினேன். கடிக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் வடிந்த பிறகும் சில பழக்கங்கள் போகாது. தாடையைத் தேய்ப்பது குறையும், நிற்காது. தோண்டுவதும் கடிப்பதும் முயலின் இயல்பு. பயந்த சுபாவம் பயந்த சுபாவமாகவே இருக்கும். ஏறுவதுகூட முழுசாகப் போகாது, ஏனென்றால் அது "நான்தான் பெரிய ஆள்" என்று சொல்லும் வழியும்கூட. பொரியே கடலையின் மேல் ஏறியதைப் பார்த்து அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இதுவும் ஆணா?"

ஆபரேஷனும் அடுத்த பத்து நாளும்

ஆணுக்கு விதை இறங்கிய பிறகு, நாலு மாதம் போலச் செய்யலாம். பெட்டைக்கு ஐந்தாறு மாதம் ஆகட்டும் என்பார்கள், ஏனென்றால் அது வயிற்றைத் திறந்து செய்வது. நாய், பூனையைவிட முயலுக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல். எனவே முயலுக்குச் செய்து பழகிய மருத்துவர் வேண்டும். எங்கள் பக்கத்தில் கேட்டு விசாரிக்க ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் வந்தது. எங்கே போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "முந்தின ராத்திரி பட்டினி போடணுமா?" நாய்க்குப் போட வேண்டும். முயலுக்குக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குச் சொல்லும் காரணம் இதற்குப் பொருந்தாது. அதோடு அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி போடச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

குடல் நிற்பதுதான் ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய பயம். வலியிலும் மிரட்சியிலும் முயல் தின்பதை நிறுத்தும். தின்னாவிட்டால் குடல் அசைவு குறையும், வாயு சேரும், அதனால் இன்னும் தின்னாது. புழுக்கையை எண்ணிக்கொண்டே இருங்கள். பன்னிரண்டு மணி நேரம் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலி மருந்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் மனிதர் மாத்திரை எதுவும் வேண்டாம். அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக்கை வாய் வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் செத்தே போகலாம்.

பொரி வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லித் தழையை மூக்கில் வைத்துப் பார்த்தேன், திரும்பிக்கொண்டது. வாய்க்கால் கரையில் பறித்த அருகம்புல்லைக் கொஞ்சம் நீட்டியதும் ஒரு இழை உள்ளே போனது. அந்த ஒரு இழையைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. (புல் பறிக்கும் இடம் தெரிந்த இடமாக இருக்கட்டும். களைக்கொல்லி அடித்த வரப்பில் பறித்துவிடாதீர்கள். வைக்கோல் கொறிக்கலாம், படுக்கலாம், அதில் சத்து குறைவு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தது வேண்டவே வேண்டாம்.)

தையலைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். முயல் தன் மென்மையான இரண்டாம் ரகப் புழுக்கையைப் பின்பக்கத்திலிருந்து நேராக எடுத்துத் தின்னும், அதில் முக்கியமான சத்து இருக்கிறது. புனல் அதைத் தடுத்துவிடும். தோலுக்கு அடியில் மறைவாகத் தையல் போடச் சொல்லிக் கேட்பது நல்லது. மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய வேட்டியை விரித்துப் போடுங்கள். எங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். கொசுவலைக்குள் வைத்தால் நிம்மதி.

வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அது சும்மா இருக்கும் காலம் இல்லை. இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் வலை வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். முயலுக்கு உலகம் முக்கால்வாசி மூக்கில்தான். அடுத்தவன் வாசனை தினமும் வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நாளில் அது ஊர் வாசனையாகிவிடும்.

அப்புறம் விரிப்பை மாற்றிப் போடலாம், இதன் துணி அதற்கு, அதன் துணி இதற்கு. ஒரு வாரம் கழித்துக் கூண்டையே மாற்றினேன். முதல் நாள் பொரி, கடலையின் கூண்டுக்குள் போனதும் பின்காலால் 'தொம்' என்று தரையை அறைந்தது. நடு ராத்திரி வரை அறைந்தது. நாலாம் நாள் பேசாமல் உட்கார்ந்து தின்றது. சாப்பாட்டை இரண்டு பக்கமும் வலையோரமாகவே வையுங்கள். எதிரியைப் பார்க்கும்போதெல்லாம் முள்ளங்கிக் கீரை வருகிறது என்றால், எதிரி மேல் அவ்வளவு வெறுப்பு இருக்காது.

எப்போது அடுத்த கட்டம்? வலைக்கு இரு பக்கமும் ஒரே இடத்தில் முதுகைச் சாய்த்துப் படுக்க ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. வலையைப் பிறாண்டி, காதைப் பின்னால் மடித்துப் பாய்ந்துகொண்டிருந்தால் இன்னும் வரவில்லை.

யாருக்கும் சொந்தமில்லாத இடம்

முதல் சந்திப்பு இரண்டுக்கும் புதிய இடத்தில் நடக்க வேண்டும். எங்கள் ஓட்டு வீட்டில் இதற்கு இடம் கண்டுபிடிப்பது பெரிய பாடாகிவிட்டது. முற்றம் பொரியினுடையது, ஒவ்வொரு தூணிலும் அதன் தாடை பட்டிருக்கிறது. தாழ்வாரம் கடலையின் ராஜ்ஜியம். மொட்டை மாடி பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்டு, ஆனால் வெயில். கடைசியில் நெல் மூட்டை அடுக்கும் அறை கிடைத்தது. சம்பா நெல் கொள்முதலுக்குப் போய் அறை காலியாக இருந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் தரையைத் துடைத்து, வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கு விரித்தேன்.

காலியாக இருந்தது மாசி மாதம் என்பதும் நல்லதாகப் போயிற்று. முயலுக்கு வியர்வை கிடையாது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். தஞ்சாவூர் ஜில்லாவில் கத்திரி வெயில் 38, 40 என்று போகும், காற்றில் ஈரமும் இருக்கும். அதில் இரண்டு முயலைத் துரத்தவிட்டால் கடிபட்டுச் சாவதற்கு முன் சூட்டில் செத்துவிடும். வெயில் காலம்தான் வாய்த்தது என்றால் விடிகாலையில் செய்யுங்கள். ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு மூலையில் போடுங்கள். காது கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சந்திப்பு முடிந்தது, காதை ஈரத் துணியால் துடைத்து உடனே ஆஸ்பத்திரி.

அறைக்குள் போகும்போது நான் எடுத்துப் போன ஆயுதம் ஒரு முறம். சிரிக்காதீர்கள். புலியையே முறத்தால் விரட்டிய பரம்பரை என்று பெருமை பேசுகிறோம், முயலுக்கு இது போதாதா? சண்டை வந்தால் கையை விடக் கூடாது, என் கட்டைவிரல் சாட்சி. முறத்தைக் குறுக்கே வைத்தால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது, சண்டை அறுந்துவிடும். கெட்டியான துண்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அவற்றின் பேச்சைப் படிக்க வேண்டும். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், பயந்துபோய் நல்லதை நிறுத்திவிட்டுக் கெட்டதை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று துரத்த, மற்றது ஓடுவது பரவாயில்லை. ஓட இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே ஏறினால் பதினைந்து இருபது விநாடி விட்டுவிடுங்கள், கீழே உள்ளது பொறுத்துக்கொண்டால் பதவிப் பிரச்சினை தீர்கிறது என்று அர்த்தம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள். கீழே உள்ளது கடித்தால் எங்கே படும் என்று யோசியுங்கள். கொஞ்சம் முடி பிடுங்குவதும் நடக்கும். வால் நிமிர்ந்து, காது பின்னால் படுத்து, இரண்டும் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று நோக்கி வட்டமிட ஆரம்பித்தால் முறத்தை இறக்குங்கள். அந்த வட்டம்தான் இரண்டு விநாடியில் பம்பரமாகும்.

நல்ல அறிகுறிகள் பார்க்கச் சப்பென்று இருக்கும். ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஒன்று மூஞ்சி கழுவும், மற்றது சாக்கைக் கடிக்கும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆனால் எதிரி முன்னால் முயல் மூஞ்சி கழுவாது. அடுத்தது, பக்கத்தில் பக்கத்தில் தின்பது. அதற்கும் அப்புறம் ஒரு வேடிக்கை வரும். ஒன்று தலையைத் தரையோடு தாழ்த்தி மற்றதன் மூக்குக்கு முன்னால் வைக்கும். கும்பிடுகிற மாதிரி இருக்கும், உண்மையில் "என் நெற்றியை நக்கு" என்ற அதிகாரம். பொரியும் வைத்தது, கடலையும் வைத்தது. இரண்டும் யார் முதலில் நக்குவது என்று மூன்று நாள் தலையைத் தாழ்த்தியபடியே கிடந்தன, கல்யாண வீட்டில் சம்பந்திகள் மாதிரி. நாலாம் நாள் கடலைதான் இறங்கி வந்தது. ஒரே ஒரு நக்கு, நெற்றியில். அன்றோடு முறத்தை அடுக்களைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

கொடுத்துவிடாதீர்கள். முதலில் பத்து நிமிஷம், நாளுக்கு இரண்டு முறை. சண்டை இல்லாமல் போனால் இருபது நிமிஷம், அரை மணி, இரண்டு மணி என்று நீட்டுங்கள். சந்திப்பு அமைதியாக இருக்கும்போதே முடியுங்கள், கடைசியில் நடந்தது நினைவில் தங்கும். சில ஜோடி இரண்டு நாளில் ஒட்டிவிடும், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஐந்து வாரம். ராத்திரி பகல் என்று முழுதாக இரண்டு நாள் கூடவே இருந்து, தின்று, ஒட்டிப் படுத்துத் தூங்கினால்தான் ஒரே கூண்டு. அந்தக் கூண்டையும் தேய்த்துக் கழுவி, சாமான்களை இடம் மாற்றி வைத்து, புது வீடு மாதிரி ஆக்கிவிட்டு விடுங்கள்.

கூண்டு என்றேன், அது மனசு கேட்கும் அளவாவது இருக்கட்டும். இரண்டு முயலுக்குப் பத்தடிக்கு ஆறடி இருந்தால் நல்லது. முன்னால் சொன்ன விஷயம்தான், தோற்றது ஓட இடம் வேண்டும். ஒளிய அட்டைப் பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டியில் ஒன்று மாட்டிக்கொண்டால் அங்கேயே பழைய பகை கிளம்பும். தண்ணீரும் தட்டும் இரண்டிரண்டு.

யாரோடு யார்?

ஆபரேஷன் ஆன ஆணும் ஆபரேஷன் ஆன பெட்டையும் சேருவது சுலபம். இரண்டு பெட்டை, இரண்டு ஆண் என்றால் முடியும், பொறுமை கூட வேண்டும். "அண்ணன் தம்பி, சின்ன வயசிலேயிருந்து ஒண்ணா இருக்கு" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பருவம் வந்ததும் அண்ணன் தம்பி முறை போய்விடும், நம் பாகப்பிரிவினைகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குட்டியில் ஆண் பெண் பார்ப்பதில் விற்பவர்களே தவறுவதால், பத்து வாரத்தில் மறுபடி ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். ஆணுக்கு மட்டும் செய்தால் குட்டி வராது, சரி. பெட்டையின் பொய்ச்சினையும் வளைக் கோபமும் அப்படியே இருக்கும், அவ்வப்போது ஆணைத் துரத்தி அடிக்கும். கருப்பை நோய் ஆபத்தும் போகாது.

எவ்வளவு செய்தும் ஒட்டாத ஜோடிகளும் உண்டு. காயம் படுகிற அளவுக்கு மூன்று நாலு முறை சண்டை வந்தால் சில வாரம் விட்டுவிட்டு முதலிலிருந்து பாருங்கள். அதிலும் முடியாவிட்டால் வலைக்கு இரு பக்கமும் இருந்துவிட்டுப் போகட்டும். வாசனையும் சத்தமும் பக்கத்தில் இருந்தாலே தனிமை பாதி குறையும். சேர்த்தே தீருவேன் என்பது நம் வீம்பு, முயலுக்கு அப்படி ஒரு வேண்டுதல் இல்லை.

ஒட்டிய ஜோடியை ஒரு நாள் பிரித்தாலும் பிசகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், அதன் மேல் வரும் மருந்து வாடையில் மற்றது அடையாளம் தெரியாமல் பாயும். ஆகவே போனால் இரண்டும் போக வேண்டும்.

போன ஆவணியில் பொரிக்குப் பல் நீண்டுவிட்டது. இரண்டையும் ஒரே காய்கறிக் கூடையில் வைத்து, மேலே வலைத்துணி கட்டி, டவுன் பஸ்ஸில் ஏறினேன். கடலை அதன் நெற்றியை நக்கிக்கொண்டே வந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"எதுக்கு உடம்பு சரியில்ல?"

"வெள்ளைக்கு."

"அப்ப மத்தது எதுக்கு வருது?"

"துணைக்கு."

ஒரு லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தார்.